வளரும் பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்து கணக்கிடுவது எப்படி?

பதின்ம வயதுப் பிள்ளையின் உயரத்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில் தொடங்கி, சத்துபானப் பவுடர் டப்பா வாங்குவதில் முடிகிறது. நடுவே செய்ய வேண்டிய வேலை, ஒழுங்காக அளந்து தேதியோடு எழுதிவைப்பது. ஒரு நாள் எடுத்த அளவைவிட, ஆண்டுக்கு எத்தனை செ.மீ. கூடுகிறது என்ற கணக்குதான் அதிகம் சொல்லும்.

அளப்பதற்குத் தரையோரத்தில் டைல்ஸ் பட்டை துருத்தாத சுவராகத் தேர்ந்தெடுங்கள். செருப்பு, காலுறை இல்லாமல், கொண்டையையும் உச்சிக் கிளிப்பையும் அவிழ்த்துவிட்டு, குதிகாலும் புட்டமும் தோள்பட்டையும் சுவரைத் தொடும்படி பிள்ளையை நிறுத்தி, மோவாயை உயர்த்தாமல் நேராகப் பார்க்கச் சொல்ல வேண்டும். தலைமேல் அட்டை கெட்டியான ஒரு புத்தகத்தின் முதுகைச் சுவரோடு ஒட்டி மூலைமட்டம் போல வைத்து, அதன் அடிவிளிம்பில் பென்சிலால் கோடிட்டு, தரையிலிருந்து இரும்பு டேப்பால் அளக்கலாம்; தையல் டேப் நாளடைவில் நீண்டுவிடும். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் பகல் முழுவதும் அழுந்துவதால் மாலைக்குள் உயரம் 1 செ.மீ. அளவுக்குக் குறையும் என்பதால், எப்போதும் காலையிலேயே அளப்பது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். மாதாமாதம் அளந்தால் வளர்ச்சியைவிட அளவுப் பிழைதான் கண்ணில் படும்.

அடுத்தது, வளர்ந்து முடிக்கும்போது பிள்ளை எட்டக்கூடிய உயரத்தைக் கணிக்கும் பெற்றோர் கணக்கு. தந்தை, தாய் இருவரின் உயரத்தையும் செ.மீ.இல் கூட்டி, மகனுக்கானால் 13 சேர்த்தும், மகளுக்கானால் 13 கழித்தும், இரண்டால் வகுக்க வேண்டும். தந்தை 170, தாய் 152 என்றால் மகனுக்கு 167.5, மகளுக்கு 154.5 வரும். இதற்கு மேலும் கீழும் ஏறத்தாழ 8 செ.மீ. இடம் விட்டுப் பார்க்க வேண்டும் என்பதால், ஒரே வீட்டில் அண்ணன் நெட்டையாகவும் தம்பி நடுத்தரமாகவும் இருப்பதில் வியப்பில்லை. நல்ல ஊட்டமுள்ள மக்களிடையே காணும் உயர வேறுபாட்டில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபைச் சார்ந்தது என்று கணிக்கப்படுகிறது. 2022இல் 54 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்தபோது உயரத்தோடு தொடர்புடைய 12,000க்கும் மேற்பட்ட மாறுபாடுகள் தென்பட்டன. ஆகவே அப்பா வழியா, அம்மா வழியா என்ற வீட்டுச் சண்டைக்கு ஒற்றைத் தீர்ப்பு கிடையாது. அதற்காக எல்லாம் மரபுதான் என்று கைகழுவவும் முடியாது. 1896இல் பிறந்தவர்களோடு ஒப்பிட, 1996இல் பிறந்த தென் கொரியப் பெண்கள் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறார்கள். நூறு ஆண்டில் மரபணு அந்த அளவுக்கு மாறாது. மாறியவை உணவும், குழந்தைப்பருவ நோய்களும், வாழும் சூழலும்தான்.

பெற்றோர் அதிகம் தடுமாறுவது காலக் கணக்கில்தான். நீண்ட எலும்புகளின் நுனியருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. பருவமடையும்போது சுரக்கும் இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) முதலில் அவற்றை வேகப்படுத்தி, பிறகு மூடிவிடுகின்றன. பெண் பிள்ளைகள் 11, 12 வயதை ஒட்டி ஆண்டுக்கு 8 செ.மீ. வரையிலும், ஆண் பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து 9 செ.மீ.க்குச் சற்று மேலும் வளர்கிறார்கள். ஏழாம் வகுப்புப் படத்தில் பெண்கள் பின்வரிசையில் நிற்பது இதனால்தான். பூப்படைந்த பிறகு பெண்ணுக்குப் பொதுவாக 5 முதல் 7 செ.மீ. வளர்ச்சியே மிச்சம் இருக்கும். எனவே ஆறாம் வகுப்பில் எல்லோரையும்விட உயரமாக இருந்தவள் பன்னிரண்டாம் வகுப்பில் குட்டையாகத் தெரியலாம்; பத்தாம் வகுப்புவரை முதல் பெஞ்சில் இருந்த பையன் கல்லூரிக்குப் போவதற்குள் மளமளவென்று வளர்ந்தும் விடலாம். தந்தை எந்த வகுப்பில் வளர்ந்தார், தாய் எந்த வயதில் பூப்படைந்தார் என்று பாட்டியிடம் கேட்டு எழுதிவையுங்கள். தாமதமாகப் பருவமடைவதும் பல குடும்பங்களில் வழிவழியாக வருவதே.

பழக்கவழக்கங்கள் மரபு வகுத்த எல்லையைத் தாண்ட வைப்பதில்லை. எல்லையை எட்டவிடாமல் தடுக்கும் குறைகளை நீக்குகின்றன. 13 முதல் 15 வயதில் நாளுக்கு ஏறத்தாழ 45 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவு. மீதிக்குப் பருப்பு, சுண்டல், மீன் என்று தட்டில் ஏதாவது இருக்க வேண்டும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடி, டியூஷன் முடிந்து பரோட்டாவோடு நாளை முடிக்கும் பிள்ளைக்குப் பவுடர் கரைத்துக் கொடுப்பதைவிட, இரண்டு வேளை உணவைச் சீர்செய்வது மலிவு. கால்சியத்துக்குப் பாலோடு கேழ்வரகும், முள்ளோடு தின்னும் நெத்திலியும் உதவும். வளர்ச்சி இயக்குநீர் பெருமளவு ஆழ்ந்த உறக்கத்தில் சுரப்பதால் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு பதினொன்றரை வரை போன், காலை நாலரைக்குச் சிறப்பு வகுப்பு என்றால் அது கிடைக்காது. கம்பியில் தொங்குவது எலும்பை நீட்டாது. விளையாட்டு எலும்புக்கு வலிமை தரும், அந்த அளவில் நல்லது. உயரம் கூட்டுவதாக விற்கும் பெயர் தெரியாத மருந்துகளை அறவே தவிருங்கள். அவற்றில் ஆண்மை இயக்குநீர் கலந்திருந்தால் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரமே மூடிக்கொள்ளும்.

பருவமடைவதற்கு முன் ஆண்டுக்கு 4 செ.மீ.க்கும் குறைவாக வளர்ந்தாலோ, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வளர்ச்சி வரைபடத்தில் 3 என்று குறித்த கோட்டுக்குக் கீழே (அதாவது, அதே வயதினர் நூறு பேரில் மிகக் குட்டையான மூவருள் ஒருவராக) இருந்தாலோ, பெற்றோர் கணக்குக்கு வெகுவாகக் குறைந்தாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பெண்ணுக்கு 13, ஆணுக்கு 14 வயதாகியும் பருவ அறிகுறி தோன்றாவிட்டாலும், பெண்ணுக்கு 8, ஆணுக்கு 9 வயதுக்கு முன்பே தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். எலும்பின் வயதை அறிய இடது கையின் எக்ஸ்ரேயும், தைராய்டு முதலிய இரத்தப் பரிசோதனைகளும் எடுக்கச் சொல்லலாம். போகும்போது அளவுகள் எழுதிய நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அப்பாவின் உயரத்தையும் அவர் வாய்ச்சொல்லாக எழுதாமல் அதே சுவரில் நிறுத்தி அளந்து எழுதுங்கள், வாய்க்கணக்கில் ஓரங்குலம் கூடிவிடுவது வழக்கம்.