போர் விமானம் வரும் வழியில் சிறு விமானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 ஜூலை 7. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் மாங்க்ஸ் கார்னர் என்ற சிற்றூர். அங்குள்ள சிறிய விமான நிலையத்திலிருந்து, காலை பதினொரு மணிக்குச் சற்று முன்னால், இரண்டே பேர் உட்காரக்கூடிய செஸ்னா 150 என்ற சிறு விமானம் ஒன்று கிளம்பியது. அதே வேளையில் விமானப்படையின் எஃப்-16 போர் விமானம் ஒன்று சார்ல்ஸ்டனில் தரையிறங்கிப் பழகுவதற்காக இறங்கிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 1,450 அடி உயரத்தில் இரண்டும் மோதின. போர் விமானி பாராசூட்டில் தப்பினார். செஸ்னாவில் இருந்த இருவரும் இறந்தார்கள்.

அன்று வானம் தெளிவாகவே இருந்தது. செஸ்னா விமானி விதி எதையும் மீறவில்லை. அவர் பறந்த பகுதியில் கட்டுப்பாட்டு அறையுடன் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவரும் பேசவில்லை.

என்னைக் கேட்டால், சிறு விமானிகள் செய்யும் தவறுகளில் முதலாவது இதுதான்: கட்டாயமில்லை என்பதைத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்வது. அந்தச் செஸ்னாவின் டிரான்ஸ்பாண்டர், அதாவது ரேடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் கருவி, வேலை செய்தது. ரேடார் திரையில் அது ஒரு புள்ளியாகத் தெரிந்தது, உயரமும் தெரிந்தது. ஆனால் யார், எங்கே போகிறார் என்பது தெரியவில்லை. ஓடுபாதையைச் சுற்றியே பறக்கும் விமானமாக இருக்கும் என்று கட்டுப்பாட்டாளர் நினைத்துவிட்டார். அது கடற்கரைப் பக்கம் வேறோர் ஊருக்குக் கிளம்பியிருந்தது. ‘ஃபிளைட் ஃபாலோயிங்’ என்ற கண்காணிப்பு உதவியை அமெரிக்காவில் எந்தச் சிறு விமானியும் ரேடியோவில் கேட்கலாம், கட்டணம் இல்லை. வேலை நெருக்கடியில் மறுக்கலாம்தான். கேட்பதால் என்ன குறைந்துவிடப் போகிறது?

அடுத்தது, ‘வந்தால் கண்ணுக்குத் தெரியாதா’ என்ற நம்பிக்கை. ஒரு விமானத்தைக் கண்டு, அது மோதவரும் என்று உணர்ந்து, திருப்பும் கருவியை அசைத்து, விமானம் உண்மையிலேயே விலகத் தொடங்க 12.5 வினாடி பிடிக்கும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை கணக்குச் சொல்கிறது. 450 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் வரும் போர் விமானமும் 100 நாட் வேகத்தில் போகும் செஸ்னாவும் நேருக்கு நேர் வந்தால், அந்த நேரத்தில் மூன்றரை கிலோமீட்டர் இடைவெளி கரைந்துபோகும். அவ்வளவு தூரத்தில் போர் விமானம் முன்பக்கமாகப் பார்க்கையில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். மோதப் போகும் விமானத்துக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு: அது உங்கள் முன்கண்ணாடியில் நகராமல் ஒரே இடத்தில் தெரியும். நகரும் பொருளைச் சட்டென்று பிடிக்கும் கண், ஒரே இடத்தில் நின்று மெல்லப் பெரிதாகும் பொட்டைக் கோட்டைவிட்டுவிடும்.

‘போர் விமானத்தில் இல்லாத கருவியா, அவர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று நினைப்பதும் ஆபத்து. எஃப்-16-இன் ரேடார் வேகமாகப் பறக்கும் எதிரி விமானத்தைத் தேடுவதற்கானது. மெதுவாக ஊரும் செஸ்னாவைக் கண்டுபிடிப்பதற்கல்ல. மோதல் எச்சரிக்கைக் கருவியும் அதில் இருக்கவில்லை. சுற்றிப் பறக்கும் விமானங்களைக் காட்டும் உங்கள் டேப்லெட் திரையையும் முழுதாக நம்ப வேண்டாம். 2025 ஜனவரியில் வாஷிங்டன் அருகே பயணிகள் விமானத்தோடு மோதிய ராணுவ ஹெலிகாப்டர், தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் ஏடிஎஸ்-பி சமிக்ஞையை அனுப்பவில்லை. அந்த மோதலில் 67 பேர் இறந்தார்கள்.

விமானிகளுக்கான வான்வழி வரைபடத்தை மேலோட்டமாகப் பார்ப்பது மற்றொன்று. ஐஆர், விஆர் என்ற எழுத்துகளோடு மெல்லிய சாம்பல் கோடுகள் தெரியும். அவை ராணுவப் பயிற்சித் தடங்கள். நான்கு இலக்க எண் இருந்தால் தடம் முழுவதும் தரையிலிருந்து 1,500 அடிக்குள். மூன்று இலக்கம் என்றால் ஒரு பகுதியாவது அதற்கு மேலே போகும். வரைபடத்தில் கோடாகத் தெரிவது உண்மையில் சில மைல் அகலமுள்ள பாதை. 10,000 அடிக்குக் கீழே மற்றவர்களுக்கு உள்ள 250 நாட் வரம்பைத் தாண்டியும் அங்கே பறப்பார்கள். கிளம்பும் முன்பு விமானிகளுக்குத் தகவல் தரும் ‘ஃபிளைட் சர்வீஸ்’ நிலையத்தில் கேட்டால், எந்தத் தடம் அன்று பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்வார்கள். கடந்துதான் ஆக வேண்டுமென்றால் குறுக்காகச் சட்டென்று கடப்பது நல்லது. கோட்டின் மேலேயே பறப்பது வேண்டாத வேலை.

இனி, தரையிலிருப்பவர்களின் தவறு. மாங்க்ஸ் கார்னரில் கட்டுப்பாட்டாளர் எஃப்-16 விமானிக்குச் சொன்னது, எதிரே வரும் விமானம் தெரியவில்லை என்றால் இடது பக்கம் திரும்புங்கள் என்பது. ‘என்றால்’ என்ற அந்தச் சொல்தான் வினை. விமானி திரும்பவில்லை, அந்த விமானம் இரண்டு மைல் தூரத்தில்தானா என்று திருப்பிக் கேட்டார். உடனே திரும்புங்கள் என்று மறுபடி சொன்னபோதும் நிபந்தனை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மோதலைத் தவிர்க்கக் கட்டுப்பாட்டாளர் சரியான வழி காட்டாததே காரணம் என்றும், கண்ணை நம்பிப் பறக்கும் முறையின் குறைகள் துணைக் காரணம் என்றும் விசாரணை முடிவு வந்தது. இப்படி ஒரு குரல் காதில் விழுந்தால் முதலில் திரும்ப வேண்டும். கேள்வியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. போர் விமானங்கள் பெரும்பாலும் ஜோடியாக வரும். டிரான்ஸ்பாண்டர் சமிக்ஞையை முன்னால் போகும் விமானம் மட்டுமே அனுப்புவதும் உண்டு. ஒன்று கடந்ததும் பெருமூச்சு விடுபவர்கள் இன்னொன்றைத் தேடுவதில்லை. 2000 நவம்பர் 16 அன்று ஃபுளோரிடாவில் பிராடென்டன் அருகே இரண்டு எஃப்-16 விமானங்கள் சேர்ந்து வந்தன. தலைமை விமானி தான் எங்கே இருக்கிறோம் என்பதில் குழம்பி, அனுமதி பெறாமலே நெரிசலான வான்பகுதிக்குள் இறங்கினார். அங்கே பறந்துகொண்டிருந்த செஸ்னா 172 மீது மோதியது அவருடைய விமானம் அல்ல, பின்னால் வந்த இரண்டாவது விமானம்.