மலையகத்தில் எதிர்ப்படும் அரிய ஐரிஷ் குடும்பப் பெயர்: அதன் தோற்றத்தையும் பரவலையும் கண்டறியும் முறை

இலங்கை மலையகத்தின் பழைய தேவாலயங்களை ஒட்டிய கல்லறைகளிலும், தோட்டப் பிரிவுகளின் பெயர்களிலும், பழைய காணி உறுதிகளிலும், இன்று நம்மோடு வாழும் சில குடும்பங்களின் பிறப்புச் சான்றிதழ்களிலும் வேறெங்கும் கேள்விப்படாத ஐரோப்பியப் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. தோட்டத்துரைமார் பெரும்பாலும் ஸ்கொட்லாந்துக்காரர் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அது பெருமளவுக்குச் சரியும் கூட. ஆனால் அயர்லாந்திலிருந்து வந்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். அவர்களுள் மர்பி, கெல்லி போன்ற பெயருடைய ஒருவரின் பூர்வீக ஊரைப் பெயரை மட்டும் கொண்டு தேடுவது வீண்முயற்சி, ஏனெனில் அப்பெயர்கள் அந்த நாடெங்கும் பரவியிருப்பவை. பெயர் அரிதாக இருந்தால் நிலைமை வேறு: முறையாகத் தேடினால் ஒரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு), சில வேளைகளில் ஒரு சில கிராமங்களுக்கும் அது நம்மைக் கொண்டுசேர்க்கும். அந்த முறையை, கொழும்பின் பழைய வணிக நிறுவனம் ஒன்றின் வழியாகத் தோட்டமக்களுக்கும் அறிமுகமான டெல்மேஜ் என்னும் பெயரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நம் வழக்கத்தில் தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகிறது. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடுகிறது. அயர்லாந்திலோ 10ஆம், 11ஆம் நூற்றாண்டுகளிலேயே மாறாத குடும்பப் பெயர்கள் தோன்றத் தொடங்கிவிட்டன. ஐரோப்பாவில் இவ்வழக்கம் மிக முந்தி வேரூன்றிய நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்று. அந்நாட்டின் பழைய மொழியில் ‘ஓ’ என்னும் முன்னொட்டு ஒருவரின் பேரன் அல்லது வழித்தோன்றல் என்பதையும், ‘மக்’ என்பது மகன் என்பதையும் குறிக்கும். ஆங்கில ஆட்சி இறுகிய 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் பலர் இந்த முன்னொட்டுகளைக் கைவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலர் மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே ஒரு பெயரை முன்னொட்டுடனும் முன்னொட்டின்றியும் தேடுவது தவிர்க்க முடியாதது.

இங்கிருந்து தொடங்குதல்

தேடலை அயர்லாந்தில் தொடங்கக் கூடாது. இலங்கையில் இருக்கும் ஆவணத்திலிருந்து ஒரு மனிதரை உறுதிப்படுத்திய பின்பே கடல் கடக்க வேண்டும். கல்லறையானால், கல்லைச் சுரண்டாமலும் சுண்ணக்கட்டி பூசாமலும், காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படம் எடுத்து, எழுத்துகளை உள்ளது உள்ளபடி பெயர்த்தெழுதுங்கள். நுவரெலியா ஹோலி டிரினிட்டி, டிக்கோயா வார்லி, பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் போன்ற தேவாலயங்களின் வளவுகளில் உள்ள கற்கள் பலவற்றில் இறந்தவரின் வயதும் இருந்த தோட்டமும், சிலவற்றில் பிறந்த கவுண்டியும் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று மழையிலும் பாசியிலும் அழிந்துபோன கல்வெட்டுகளுக்கு, பென்றி லூவிஸ் 1913இல் வெளியிட்ட இலங்கைக் கல்லறை வாசகங்களின் தொகுப்பு கைகொடுக்கும். ஒருவர் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் துரையாக இருந்தார் என்பதை அறிய பெர்கசன் குடும்பத்தார் வெளியிட்டுவந்த இலங்கை டைரக்டரியை ஆண்டு ஆண்டாகப் புரட்டுவதே சிறந்த வழி. அதில் தோட்டங்களும் உரிமையாளர்களும் துரைமாரும் ஏக்கர் கணக்கும் வரிசையாக உள்ளன. பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகளுக்குப் பிரதேச செயலகத்தையும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தையும், அவற்றுக்கு முந்திய ஞானஸ்நானப் பதிவுகளுக்கு அந்தந்தத் திருச்சபையையும் நாட வேண்டும்.

பெயர் உங்களுக்குத் தமிழ் எழுத்தில் மட்டுமே கிடைத்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. தமிழின் ‘க’ ஆங்கிலத்தில் கே, சி, ஜி, எச் ஆகிய எழுத்துகளுள் எதற்காகவும் நின்றிருக்கலாம். மற்ற வல்லின எழுத்துகளும் அப்படியே. தோட்டத்தில் புழங்கிய பெயரோ வாய்மொழியில் இன்னும் தேய்ந்திருக்கும். ஆகவே சாத்தியமான ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் டைரக்டரியில் சரிபார்த்த பின்பே ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அந்த மனிதரைப் பற்றி மூன்று செய்திகள் கைக்கு வர வேண்டும்: ஏறத்தாழ எந்த ஆண்டில் பிறந்தார், எந்தச் சமயப் பிரிவைச் சேர்ந்தவர், எந்தக் கவுண்டியிலிருந்து வந்தார் என்பவை. மூன்றாவது கிடைக்காவிட்டாலும் முதல் இரண்டும் இன்றித் தேடலை நகர்த்த முடியாது. அயர்லாந்தில் கத்தோலிக்கர், அயர்லாந்துத் திருச்சபையினர் (அங்கிலிக்கர்), பிரெஸ்பிட்டேரியர், மெதடிஸ்தர் ஆகியோரின் பதிவேடுகள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், சமயத்தை அறிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரியவரும்.

பெயரின் தோற்றத்தை வகைப்படுத்துதல்

அயர்லாந்திலிருந்து வந்தவருடைய பெயர் ஐரிஷ் மொழிப் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் நுவரெலியாவின் கிரகரி வாவிக்குப் பெயர் தந்த வில்லியம் கிரகரி 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர். டப்ளினில் பிறந்து கால்வே கவுண்டியின் கூல் பார்க் நிலத்துக்கு உரியவரானவர். ஆனால் கிரகரி என்பது ஐரிஷ் மொழியில் தோன்றிய பெயரன்று. 1845இல் குடியேற்றநாட்டுச் செயலாளராக இலங்கை வந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் பெல்பாஸ்ட் நகரில் எமர்சன் என்ற பெயருடன் பிறந்து, திருமணத்துக்குப் பின் மனைவியின் குடும்பப் பெயரான டெனன்ட் என்பதைச் சட்டப்படி சேர்த்துக்கொண்டவர். அவருடைய தந்தைவழியை டெனன்ட் என்ற பெயரில் தேடுபவர் எத்தனை ஆண்டு தேடினாலும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஹப்புத்தளை தம்பேதென்னையோடு இணைத்து நாம் நினைக்கும் தாமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து அங்கே குடிபெயர்ந்தவர்கள். பிறந்த இடம், பூர்வீக இடம், பெயரின் மொழி ஆகிய மூன்றும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதற்கு இம்மூவரே போதிய சான்று.

எனவே பெயர் எந்த அலையில் அயர்லாந்துக்குள் வந்தது என்று கேளுங்கள். 12ஆம் நூற்றாண்டின் நார்மன் படையெடுப்பு, 17ஆம் நூற்றாண்டின் அல்ஸ்டர் குடியேற்றம், 1685க்குப் பின் பிரான்சிலிருந்து ஓடிவந்த புரொட்டஸ்தாந்து அகதிகள், 1709இல் ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியிலிருந்து வந்த பாலட்டைன் மக்கள் என்ற அலைகள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய பெயர்களை விட்டுச் சென்றன. எட்வர்ட் மக்லைசாட் எழுதிய குடும்பப் பெயர் நூல்கள் இதற்கு நம்பத்தகுந்த வழிகாட்டிகள். குலச்சின்னத்தையும் பெயர் வரலாற்றையும் சட்டமிட்டு விற்கும் வணிகர்களை அறவே நம்ப வேண்டாம். குலச்சின்னம் குறிப்பிட்ட ஒருவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டது. அதே பெயரைக் கொண்ட எல்லோருக்கும் அதில் உரிமை இல்லை.

டெல்மேஜ் இவற்றுள் கடைசி அலையைச் சேர்ந்த பெயர். போராலும் கடுங்குளிராலும் நொடிந்துபோன பாலட்டைன் விவசாயிகள் 1709இல் ஆயிரக்கணக்கில் லண்டனை அடைந்தபோது, அவர்களுள் 800க்கும் மேற்பட்ட குடும்பங்கள், ஏறத்தாழ 3,000 பேர், அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானோர் சில ஆண்டுகளுக்குள் திரும்பிச் சென்றுவிட, தாமஸ் சவுத்வெல் என்னும் நிலப்பிரபு லிமெரிக் கவுண்டியின் ரத்கீல் ஊரை ஒட்டிய தம் நிலங்களில் சலுகைக் குத்தகைக்கு அமர்த்தியவர்கள் நிலைத்தார்கள். கோர்ட்மேட்ரிக்ஸ், கில்லிஹீன், பாலிங்ரேன் ஆகிய மூன்று சிற்றூர்களே அவர்களின் மையம். ஸ்விட்சர், டெஸ்கி, ரட்டில், ஸ்பார்லிங், எம்புரி போன்ற பெயர்களும் இவர்களுடையவை. டோல்மெட்ச் என்ற ஜெர்மன் பெயர், அம்மொழி அறியாத எழுத்தர்களின் காதில் விழுந்தவாறு டோல்மேஜ், டல்மேஜ், டெல்மேஜ் எனப் பலவாறு பதிவாயிற்று. இந்தியாவிலிருந்து வந்தவர்களைப் பதிந்த மண்டபம் முகாமிலும், தோட்டத்தின் ஆட்பதிவேடான செக்ரோலிலும் நம் முன்னோரின் பெயர்கள் எழுதப்பட்ட விதத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது; நிலத்தில் வேலை செய்வதற்காகப் பெயர்த்து நடப்பட்ட மக்களின் பெயரை எழுதும் உரிமை அவர்களிடம் இருந்ததில்லை. இந்த நினைவோடு பதிவேடுகளைப் படிக்கும் மலையகத்தவர், எழுத்துக்கூட்டல் மாறினால் ஆள் வேறு என்று அவசரப்பட்டு முடிவு செய்யமாட்டார்.

பரவலை ஆண்டு வரிசையில் வரைதல்

இன்றைய உலகப் பரவலைக் காட்டும் ஒரு வரைபடத்தைப் பார்த்து முடிவுக்கு வருவதே இத்துறையில் மிகுதியாக நடக்கும் பிழை. அந்த வரைபடம் மக்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைக் காட்டுமே தவிர, எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பதைக் காட்டாது. ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனி வரைபடம் வரைய வேண்டும். அதற்குரிய ஆவணங்களின் நிலையையும் தெரிந்திருக்க வேண்டும்.

1922 ஜூன் மாதத்தில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ‘ஃபோர் கோர்ட்ஸ்’ (Four Courts) நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தழிந்தது. 1821 முதல் 1851 வரையிலான குடிசன மதிப்புகளின் பெரும்பகுதியும், அயர்லாந்துத் திருச்சபையின் பல நூறு பங்குகளின் (ஊர்த் திருச்சபைப் பிரிவுகளின்) பதிவேடுகளும், உயில்களும் அதில் போயின. 1861 முதல் 1891 வரையிலானவை அதற்கு முன்பே அரசின் ஆணையால் அழிக்கப்பட்டிருந்தன. முழுமையாக எஞ்சியிருப்பவற்றுள் முந்தியவை 1901, 1911 ஆகிய ஆண்டுகளின் குடிசன மதிப்புகளே. அயர்லாந்துத் தேசியக் காப்பகத்தின் இணையதளத்தில் இவற்றை இலவசமாகப் பார்க்கலாம். வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் சமயமும் தொழிலும் பிறந்த கவுண்டியும் அவற்றில் உள்ளன.

அதற்கு முந்திய காலத்துக்கு இரண்டு நில ஆவணங்கள் துணை நிற்கின்றன. ஒன்று 1823க்கும் 1837க்கும் இடையில் தயாரிக்கப்பட்ட, அயர்லாந்துத் திருச்சபைக்குச் செலுத்த வேண்டிய தசமபாக வரியின் புத்தகங்கள். மற்றது 1847க்கும் 1864க்கும் இடையில் ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நடந்த நில மதிப்பீடு. நாடெங்கும் நிலமோ வீடோ வைத்திருந்தவரின் பெயரை ஊர்வாரியாகத் தருவதால், அரிய பெயர் ஒன்றின் பரவலை வரைய கிரிஃபித் மதிப்பீட்டுக்கு இணையான ஆவணம் இல்லை. பெயர் காணப்படும் ஒவ்வொரு பங்கையும் கவுண்டி வரைபடத்தில் புள்ளியிட்டுக் குறித்து, 1901இன் புள்ளிகளை வேறு நிறத்தில் சேர்த்தால், இரண்டிலும் நெருக்கமாக விழும் இடம் அப்பெயரின் தாயகமாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. டெல்மேஜ் பெயருக்கு அந்த இடம் லிமெரிக். குத்தகைக்காரராக வந்த அவ்வம்சத்தாருள் சிலர் பின்னர் நிலப்பிரபுக்களாகவே உயர்ந்து, லிமெரிக் நகரை ஒட்டிய காஸில் பார்க், பாலிங்காரி அருகிலுள்ள கிளென்வில்லியம் ஆகிய மாளிகைகளில் வாழ்ந்தார்கள்.

பெயர் வெளியே சிதறியதற்கும் காரணம் தேட வேண்டும். காரணம் தெரிந்தால் அடுத்த புள்ளி எங்கே விழும் என்று ஊகிக்கலாம். பழைய சலுகைக் குத்தகைகள் முடிந்து வாடகை உயர்ந்தபோது, 1760இல் பாலிங்ரேனைச் சேர்ந்த பிலிப் எம்புரி, பார்பரா ஹெக் முதலானோரோடு ஒரு கூட்டம் நியூயோர்க் சென்றது. அமெரிக்கப் புரட்சியில் பிரித்தானிய முடியின் பக்கம் நின்ற இக்குடும்பங்களுள் பல கனடாவின் ஒன்டாரியோவுக்குப் பெயர்ந்தன. அங்கே டல்மேஜ் என்ற எழுத்துக்கூட்டலில் இப்பெயர் தழைத்தது. அயர்லாந்தில் டெல்மேஜ், கனடாவில் டல்மேஜ் என்ற இந்தப் பிரிவு தேடுபவருக்குப் பெரும் உதவி, ஏனெனில் எழுத்துக்கூட்டலே எந்தக் கிளை என்பதைப் பெரும்பாலும் உணர்த்திவிடும்.

சிவில் பதிவுகளில் கத்தோலிக்கரல்லாதாரின் விவாகங்கள் 1845 முதலும், எல்லோருடைய பிறப்பு, விவாக, இறப்புகளும் 1864 முதலும் உள்ளன. 100 ஆண்டு கடந்த பிறப்புகளையும், 75 ஆண்டு கடந்த விவாகங்களையும், 50 ஆண்டு கடந்த இறப்புகளையும் அரசின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்வையிடலாம். கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகளை, பெரும்பாலும் 1880 வரை, அயர்லாந்துத் தேசிய நூலகம் படங்களாக வெளியிட்டுள்ளது. பாலட்டைன் மக்களோ அயர்லாந்துத் திருச்சபையையும், ஜோன் வெஸ்லி 1750களில் அவர்களிடையே பிரசங்கித்த பின் மெதடிஸ்த சங்கங்களையும் சேர்ந்தவர்கள். ஆகவே அவர்களைத் தேசிய நூலகத்தில் தேடுவதால் அதிகம் கிடைக்காது.

இரு முனைகளையும் இணைத்தல்

கொழும்பில் ஒரு டெல்மேஜ் இருந்தார் என்பதும், லிமெரிக்கில் டெல்மேஜ்கள் இருந்தார்கள் என்பதும் சேர்ந்து உறவாகிவிடாது. இலங்கை ஆவணத்தில் உள்ள வயதும் தந்தையின் பெயரும் அயர்லாந்து ஞானஸ்நானப் பதிவோடு பொருந்த வேண்டும். அதே ஆண்டில் பிறந்த அதே பெயருடைய வேறொருவர் அங்கேயே வாழ்ந்து இறக்கவில்லை என்பதையும் சரிபார்க்க வேண்டும். அரிய பெயர்களில் ஒரே முதற்பெயர் தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வருவதால் இந்தச் சோதனையைக் கைவிடக் கூடாது.

இப்பெயர்களை இன்று தாங்கும் மலையகக் குடும்பங்களை அணுகும்போது மிகுந்த மரியாதை தேவை. துரைக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் எழுதப்படாமல் விடப்பட்டதுண்டு. அந்த வெறுமையோடு வாழ்ந்த பாட்டிமாரின் கதையைக் குடும்பத்தார் விரும்பினால் மட்டுமே கேட்க வேண்டும், அவர்களின் அனுமதியின்றி எழுதக் கூடாது. குடும்பத்தாரே உறுதியை நாடினால் மரபணுச் சோதனை உதவலாம்: குடும்பப் பெயர் போலவே தந்தையிலிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் மரபணுவை, அயர்லாந்தில் அதே பெயருடைய ஆண் ஒருவரின் மரபணுவோடு ஒப்பிடலாம். மகள் வழியாக வந்த சந்ததிக்கு அது பயன்படாது. பொதுவான உறவுப் பொருத்தச் சோதனையே வழி.

பாலட்டைன் பெயராக இருந்தால், ரத்கீலின் பழைய ரயில் நிலையத்தில் இயங்கும் ஐரிஷ் பாலட்டைன் மரபு மையத்துக்கு எழுதலாம். கடிதத்தில் குடும்பக் கதையை நீட்டாமல், நபரின் முழுப் பெயர், பெயரின் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு, சமயம், இலங்கையில் அவர் இருந்த தோட்டமும் ஆண்டுகளும், இதுவரை நீங்கள் தேடிமுடித்த ஆவணங்களின் பெயர்கள் ஆகியவற்றைத் தந்து, கல்லறைப் படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.