மார்கழியில் வீட்டிலிருந்தே பறவை பார்ப்பது எப்படி?

பறவை பார்க்க வேடந்தாங்கலுக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. மழை ஓய்ந்து பனி இறங்கும் இந்த நாட்களில், ஒரு கொய்யா மரமும் நாலு செம்பருத்திச் செடியும் இருந்தால் போதும், வலசை வரும் பறவைகள் வீட்டுக்கே வந்துவிடும். என்ன, கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும்.

1. ஓரிடத்தில் உட்காருங்கள்

மொட்டை மாடி, பால்கனி, பின்கட்டுப் படி, எதுவானாலும் சரி. தினமும் அதே இடம், அதே நேரம். மார்கழியில் சூரியன் வர ஆறரை மணி ஆகிவிடும். ஆறு மணிக்கே காபியோடு உட்கார்ந்துவிடுங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. எழுந்து தேடப் போனால் அப்புறமும் நடக்காது. பைனாகுலர் இப்போது வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் 8×42 அளவில் ஒன்று வாங்கலாம்.

2. முதலில் உள்ளூர்க்காரர்கள்

காகம், மைனா, கரிச்சான், தேன்சிட்டு, தையல்சிட்டு. இவற்றின் குரல் பழகினால்தான் புதுக்குரல் வந்தால் காது நிமிரும். ஒரு வாரம் இதற்கே கொடுங்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் திடீரென்று கத்திக் கூப்பாடு போட்டால் மட்டும் உடனே அந்தப் பக்கம் பாருங்கள். பூனையோ பாம்போ வைரி என்ற வேட்டைப்பறவையோ அங்கே இருக்கும்.

3. செடிக்குள் கேட்கும் 'ச்சக்'

இதுதான் உண்மையான முதல் பாடம். செம்பருத்திப் புதருக்குள்ளிருந்து, யாரோ நாக்கைத் தட்டுவதுபோல 'ச்சக்... ச்சக்...' என்று விட்டுவிட்டு ஒரு ஒலி வரும். பார்த்தால் எதுவும் தெரியாது. தெரிந்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை, மங்கலான பழுப்பில் ஒரு குருவி. பெயர் பிளித் நாணல் கதிர்க்குருவி. பத்துப் பன்னிரண்டு கிராம்தான் எடை. ரஷ்யா, மத்திய ஆசியா பக்கம் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்கு நம் வேலியோரம் வந்து பூச்சி பிடிக்கிறது. நானும் பல வருடம் இதை ஏதோ பூச்சியின் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருமுறை அடையாளம் தெரிந்துவிட்டால், பேருந்து நிறுத்தத்துப் புதரில்கூடக் கேட்கும்.

4. ஒரு மூலையைக் கூட்டாமல் விடுங்கள்

வாசலைக் கூட்டிக் கோலம் போடுங்கள், அதில் குறை வேண்டாம். அரிசிமாவுக் கோலம் என்றால் எறும்புக்கும் அணிலுக்கும் கொண்டாட்டம். கல்மாவில் அவற்றுக்கு ஒன்றுமில்லை. ஆனால் கொல்லைப்புறத்தில் ஒரு மூலையில் சருகு கிடக்கட்டும். ஆறுமணிக்குருவி தரையில் சருகைக் கிளறித்தான் புழு, பூச்சி தேடும். பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றடியில் சிவப்பு, கண்ணோரம் கறுப்புப் பட்டை. இவ்வளவு நிறம் இருந்தும் நிழலில் நின்றால் கண்ணுக்குச் சிக்காது. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால்தான் அந்தப் பெயர்.

இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா போன்ற இடங்களிலிருந்து இரவில் பறந்து வரும் பறவை இது. அக்டோபர், நவம்பரில் சில களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே விழுவதுண்டு. அப்படி விழுந்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் மரநிழலில் விட்டுவிடலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

5. தண்ணீர்

இரண்டு அங்குல ஆழமுள்ள மண்தட்டு போதும். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுதான் வளரும். பிஸ்கட், மிக்சர் எதுவும் வைக்காதீர்கள். புறாக்கள்தான் வந்து குடியேறும். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது வீணாக அலையும்.

6. எண்ணி எழுதுங்கள்

தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை. ஒரு நோட்டு போதும். பெயர் தெரியாத குரலுக்கு மெர்லின் செயலி உதவும், ஆனால் அது சொல்வதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இருக்கும் இடத்திலேயே குறைந்தது பதினைந்து நிமிடம் எண்ணி, ஈபேர்டு தளத்தில் பதிவு செய்தால் நீங்களும் அதில் சேர்ந்தாயிற்று.

பொங்கலுக்கு மறுநாள் பறவைகளுக்குச் சோற்றுருண்டைகள் படைக்கும் கனுப்பிடி வைக்க எப்படியும் காலையில் மாடிக்குப் போவீர்கள். அப்போதே தொடங்கலாம். வருகிற காக்கையையும் கணக்கில் சேருங்கள். புதிதாக எண்ணுபவர்கள் பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.