இயற்பியலா, வேதியியலா? விடைத்தாளில் தடுக்கி விழும் இடங்கள்

ஏழாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், ஒரு வரி தாளுக்குத் தாள் எதிர்ப்படும்: "இயற்பியல் மாற்றம் மீளும், வேதியியல் மாற்றம் மீளாது." பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு அப்படி எழுதிக் கொடுப்பவர்களே நாங்கள்தான்.

ஆரத்தி கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும் சிவந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டதும் வேறு வடிவம் எடுக்கிறது. இது வேதியியல் மாற்றம். அதே தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். மஞ்சள் நிறம் திரும்பிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படித்தான். மின்சாரம் போனால் உள்ளே ஒரு வேதிவினை, வந்தால் அதுவே தலைகீழாக. மறுபக்கம், மாவாக அரைத்த அரிசியை மறுபடி அரிசியாக்க யாராலும் முடியாது. ஆனாலும் மாவுக்குள் இருப்பது அதே அரிசிதான்; அரைத்தது இயற்பியல் மாற்றம். ஆகவே மீளுமா என்று பார்ப்பதற்கு முன், புதிய பொருள் ஏதாவது உண்டானதா என்று கேளுங்கள். உண்டானால் வேதியியல் மாற்றம், இல்லையென்றால் இயற்பியல் மாற்றம்.

சுண்ணாம்பை இன்னும் கொஞ்சம் தொடரலாம். கிளிஞ்சலில் இருப்பது கால்சியம் கார்பனேட். அதைக் காளவாயில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் அது பொங்கிக் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். அதைச் சுவரில் அடித்த பிறகு ஈரம் காய்வதை மட்டுமே பிள்ளைகள் எழுதுவார்கள். ஈரம் காய்வது இயற்பியல் மாற்றம், சரி. ஆனால் பல நாட்களில் அந்தப் பூச்சு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கிளிஞ்சலாகப் புறப்பட்ட பொருள், மூன்று வேதியியல் மாற்றங்களைக் கடந்து, புறப்பட்ட நிலைக்கே வந்துவிட்டது!

குமிழி வந்தால் வேதியியல் மாற்றம் என்பது அடுத்த தவறு. கோலி சோடாவைத் திறந்ததும் நுரைப்பது, அழுத்தி அடைத்துவைத்த வாயு வெளியேறுவதுதான். சமையல் சோடாவில் எலுமிச்சைச் சாறு விட்டால் வரும் குமிழியோ, அப்போதுதான் உண்டான வாயு. தண்ணீர் கொதிக்கும்போது வரும் குமிழிகளில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருப்பதாக எழுதுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அப்படி இருந்தால் சமையலறையில் யாராவது தீக்குச்சி கிழிக்க முடியுமா? சூடேறும்போது முதலில் வரும் பொடிக் குமிழிகள், தண்ணீரில் கரைந்திருந்த காற்று. பிறகு வரும் பெரிய குமிழிகள் நீராவி. தண்ணீரைப் பிரிக்க மின்னாற்பகுப்பு, அதாவது மின்சாரம் செலுத்திப் பிரிப்பது, வேண்டும். அடுப்புத் தீ போதாது.

நிறமும் ஏமாற்றும். உலையில் பழுத்த இரும்பு செக்கச்செவேல் என்று ஒளிர்வது சூட்டினால்தான். ஆறினால் அந்தச் சிவப்பு போய்விடும். மேலே படியும் கறுப்புச் செதில் வேறு கதை, அது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டான ஆக்சைடு, வேதியியல் மாற்றம்.

ஒரு பொருளுக்கு ஒரு மாற்றம்தான் என்று நினைப்பதும் மதிப்பெண்ணைக் குறைக்கும். திறந்த டப்பாவில் சூடம் நாளுக்கு நாள் சிறுத்துப்போவது பதங்கமாதல், அதாவது திடப்பொருள் உருகாமலே ஆவியாவது; இயற்பியல் மாற்றம். தட்டில் ஏற்றினால் எரிதல், வேதியியல் மாற்றம். மெழுகுவர்த்தியில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். மெழுகு உருகி, திரி வழியே ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. "மெழுகுவர்த்தி எரிதல் எவ்வகை மாற்றம்?" என்று கேட்டு ஒற்றைச் சொல் விடை எதிர்பார்க்கும் வினாத்தாளைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

சொற்களில் கவனம் தேவை. சர்க்கரை தண்ணீரில் உருகுவதில்லை, கரைகிறது. உருக வேண்டுமென்றால் வாணலியில் சூடாக்க வேண்டும். பண்பு வேறு, மாற்றம் வேறு. விறகு எரிவது மாற்றம்; மூலையில் சும்மா கிடக்கும் விறகுக்கும் எரியும் தன்மை உண்டு, அது வேதியியல் பண்பு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உருகும் என்பது இயற்பியல் பண்பு; மார்கழிக் காலையில் அது புட்டியில் உறைந்துபோவது மாற்றம். இரும்புத் துண்டைப் பாதியாக வெட்டினால் நிறை பாதியாகும், அடர்த்தி அப்படியே இருக்கும். இதில் தவறாதவர்கள் குறைவு.

கடைசியாக நிறை. காகிதம் எரிந்து கையளவு சாம்பல் மிஞ்சினால், மீதி அழிந்துவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். அது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் காற்றில் கலந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே மூடிய கலங்களில் வைத்து நிறுத்துப் பார்த்தபோது மொத்த நிறை மாறவில்லை. திறந்த வெளியில் கூடுவதும் உண்டு. துரு உதிராமல் பிடித்த ஆணி, புது ஆணியாக இருந்ததைவிடக் கனமானது. ஆக்சிஜனும் நீரும் அதோடு சேர்ந்திருக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டுக் கொடுக்கும் காசில் கொஞ்சம் காற்றுக்கும் சேர்த்துத்தான்.