பழைய ஐ7-ஆ, அதைவிடப் புது ஐ5-ஆ? ரெண்டு பழைய பிராசஸரை எடை போடுறது எப்படி

ஐ7-னா ஐ5-ஐ விடப் பெருசுதானேன்னு நெனச்சு செகண்ட்ஹேண்ட்ல பிராசஸர் வாங்கிட்டு, அப்புறம் ஏன் இவ்ளோ இழுக்குதுன்னு கேக்குறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா அந்தப் பேர் ஒரே தலைமுறைக்குள்ள மட்டும்தான் செல்லும், தலைமுறை மாறிட்டா ஐ7-ங்கிற பட்டத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அதனால உதாரணத்துக்கு இன்டெல்ல ரெண்டு பேரை எடுத்துக்குறேன், ஐ7-3770, ஐ5-6500. பழைய சிஸ்டம் தேடுற யார் கண்ணுலயும் இந்த ரெண்டும் கண்டிப்பா படும். இதே வழியில நீங்க வேற எந்த ஜோடியையும் போட்டுப் பாக்கலாம்.

மொதல்ல முழு மாடல் நம்பரைப் பாருங்க, கடைசி எழுத்து வரைக்கும். ஐ7-3770 2012-ல வந்தது, ஐவி பிரிட்ஜ் (அந்தத் தலைமுறையோட பேர்), 22 நேனோமீட்டர், 4 கோர் (வேலை செய்யிற பகுதி) 8 த்ரெட் (ஒரே நேரத்துல ஓட்டுற வேலை வரிசை), 3.4 கிகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு டர்போல, அதாவது தேவைப்படும்போது தானா வேகம் ஏத்திக்கிட்டு, 3.9 வரைக்கும் போகும், 8 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி), 77 வாட். ஐ5-6500 2015-ல வந்தது, ஸ்கைலேக், 14 நேனோமீட்டர், 4 கோர் 4 த்ரெட், 3.2-ல இருந்து 3.6, 6 எம்பி கேஷ், 65 வாட். இதுவே நம்பருக்குப் பின்னாடி ஒரு டி ஒட்டியிருந்தா கதையே வேற, 3770டி வெறும் 45 வாட், 2.5 கிகாஹெர்ட்ஸ்லதான் ஆரம்பிக்கும், 6500டி 35 வாட், அதுவும் 2.5 தான். விக்கிறவர் "ஐ7 தேர்டு ஜென்"னு மட்டும் சொன்னா விடாதீங்க, பிராசஸர் விவரம் காட்டுற சிபியு-இசட் சாஃப்ட்வேரை ஓப்பன் பண்ணி ஸ்க்ரீனை போட்டோ அனுப்பச் சொல்லுங்க.

காகிதத்துல பாத்தா கிளாக்கும் (அந்த கிகாஹெர்ட்ஸ் நம்பர்) த்ரெட்டும் ஐ7 பக்கம்தான் அதிகம். ஆனா ஒரே கிளாக்ல ஓடுனா ஸ்கைலேக் கோர் ஒரு சுத்துல அதிக வேலை முடிக்கும், அதனால ஐ7-ஓட கிளாக் கூடுதலா இருந்தும் ஒத்த த்ரெட் வேலையில ரெண்டும் கிட்டத்தட்ட பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும், பெரும்பாலும் ஐ5 ஒரு அடி முன்னாடி. எல்லா கோரையும் பிழியிற வேலைன்னா, வீடியோ என்கோடிங், பெரிய ஃபைல் கம்ப்ரெஸ் பண்றது, கோட் கம்பைல் பண்றது மாதிரி, அங்க அந்த 8 த்ரெட் கை கொடுக்கும், ஐ7 முன்னாடி போயிடும். ஆனா 8 த்ரெட்னா 8 கோர் இல்ல, இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க. ஹைப்பர் த்ரெடிங்ல ஒரு கோர் சும்மா காத்திருக்கிற நேரத்துல இன்னொரு த்ரெட்டோட வேலையை உள்ள விடுது, அவ்ளோதான், வேகம் ரெட்டிப்பாகாது, வேலையைப் பொறுத்து கால் பங்கு கூடுனாலே பெரிய விஷயம்.

அடுத்தது உங்க வேலை எந்த ரகம்னு கண்டுபிடிக்கிறது, இதைப் பண்ணாம எந்த பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்குற டெஸ்ட்) பாத்தும் பிரயோஜனம் இல்ல. இப்ப உங்ககிட்ட இருக்கிற சிஸ்டத்துலயே டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ் டேப்ல சிபியு கிராஃப் மேல ரைட் கிளிக் பண்ணி லாஜிக்கல் பிராசஸர் வாரியா காட்டுற மாதிரி மாத்திக்கோங்க, அப்புறம் நீங்க தினமும் எதைச் செஞ்சா ஸ்லோவா இருக்குன்னு தோணுதோ அதையே செய்யுங்க. 8 த்ரெட் சிஸ்டத்துல மொத்த யூசேஜ் 12, 13 சதவீதத்துலயே நின்னுக்கிட்டு வேலை மட்டும் நகர மாட்டேங்குதுன்னா ஒரே ஒரு த்ரெட் முழுசா ஓடிக்கிட்டிருக்குன்னு அர்த்தம், நூறை எட்டால வகுத்தா 12.5 தானே. 4 த்ரெட் சிஸ்டம்னா அதே நிலைமை 25 சதவீதமா தெரியும். "சிபியு பாதி கூட ஓடல, அப்புறம் எப்படி சிபியு பிரச்சினை"ன்னு ஏமாந்து போற இடம் இதுதான். அப்படிப்பட்ட வேலைக்கு த்ரெட் கூட்டி ஒண்ணும் ஆகாது. மாறா எல்லா கட்டமும் மேல முட்டி நின்னா உங்களுக்கு ஐ7 மாதிரி த்ரெட் அதிகமா இருக்கிறதுதான் வேணும்.

இனி அளக்குற விஷயம். ஃபைல் கம்ப்ரெஸ் பண்ற செவன்-ஜிப் சாஃப்ட்வேர்ல டூல்ஸ் மெனுவுக்குள்ளயே பெஞ்ச்மார்க் இருக்கு, த்ரெட் எண்ணிக்கையை 1-னு வெச்சு ஒரு தடவை, முழுசா வெச்சு ஒரு தடவை ஓட்டுங்க. சினிபெஞ்ச் ஆர்23-ங்கிற பெஞ்ச்மார்க்கையும் ஓட்டலாம், அது சும்மா விட்டாலே பத்து நிமிஷம் திரும்பத் திரும்ப ஓடும், சூடு ஏறினப்புறம் என்ன ஆகுதுன்னு தெரிய அதுதான் நல்லது. ரெண்டு சிஸ்டத்துலயும் ராம் ரெண்டு ஸ்டிக்கா இருக்கணும், ஒண்ணுல ஒத்த ஸ்டிக், ஒண்ணுல ஜோடின்னு வெச்சு அளந்தா அது பிராசஸர் ஒப்பீடே கிடையாது.

சூடு பத்தி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். ஒரு தடவை என் ஐ7-3770-ல ஸ்கோர் வர வேண்டியதை விட ரொம்பக் கம்மியா வந்துச்சு, ரெண்டு நாள் விண்டோஸைக் கொறை சொல்லிக்கிட்டு ரீஇன்ஸ்டால் எல்லாம் பண்ணேன், கடைசியில சூடும் கிளாக்கும் காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டுப் பாத்தா லோடு ஏறின கொஞ்ச நேரத்துலயே கிளாக் 3.4-க்கும் கீழ இறங்குது, தெர்மல் த்ராட்லிங் (சூடு தாங்காம வேகத்தைக் கொறைக்கிறது) எஸ்ஸுன்னு காட்டுது. கூலரைக் கழட்டினா பிராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்துற பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காஞ்சு, நகத்துல கீறினா செதில் செதிலா வருது. தொடச்சு ஒரு பட்டாணி அளவு புது பேஸ்ட் வெச்சு மாட்டினதும் பழைய ஸ்கோர் வந்துடுச்சு. ஐவி பிரிட்ஜ்ல இன்டெல் மூடிக்கும் சிப்புக்கும் நடுவுல சால்டருக்குப் பதிலா பேஸ்ட்டுதான் வெச்சாங்க, அதனாலேயே இது கொஞ்சம் சூடான ஆளு. பேஸ்ட் மாத்தாம பழைய பிராசஸரை அளக்காதீங்க, பாவம் அது மேல பழி விழும்.

ஸ்கோர்ல தெரியாத ஒரு விஷயம் இருக்கு, எனக்கு அதுதான் முக்கியம். ஐ7-3770-ல ஏவிஎக்ஸ்2 (நிறைய கணக்கை ஒரே அடியில போடுற கட்டளைத் தொகுப்பு) கிடையாது, 6500-ல இருக்கு. இது மெதுவா ஓடுற பிரச்சினை இல்ல, சில புது கேமும் சாஃப்ட்வேரும் ஏவிஎக்ஸ்2 இல்லாட்டி திறக்கவே திறக்காது. அதே மாதிரி எச்இவிசி (எச்.265-ங்கிற வீடியோ ஃபார்மட்) வீடியோவை 6500-ஓட உள்கிராபிக்ஸ் 8 பிட் வரைக்கும் தானே டீகோட் பண்ணிடும், 3770-ல எல்லாம் கோர் மேல வந்து விழும். மெல்ட்டவுன், ஸ்பெக்டர்ங்கிற பிராசஸர் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க 2018-ல வந்த அப்டேட்லயும் அப்படித்தான், ஸ்கைலேக்கை விட ஹாஸ்வெல்லும் (ஐவி பிரிட்ஜுக்கு அடுத்த தலைமுறை) அதுக்கு முந்தினதும் அதிகமா அடி வாங்கும்னு மைக்ரோசாஃப்ட்டே சொன்னாங்க. 2012 ரிவ்யூவில இருக்கிற நம்பரை இன்னைக்கு அப்படியே நம்பக் கூடாதுன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். விண்டோஸ் 11-ஐப் பொறுத்தவரை ரெண்டுமே அதிகாரப்பூர்வ லிஸ்ட்ல இல்ல, விண்டோஸ் 10 சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது, லினக்ஸ் போடுறவங்களுக்கு ரெண்டும் சரி.

இப்ப காசுக்கு வருவோம். பிராசஸர் விலையை மட்டும் ஸ்கோரால வகுக்காதீங்க, பிராசஸர், போர்டு, ராம், கூலர் எல்லாம் கூட்டி அந்த மொத்தத்தை உங்க வேலைக்குப் பொருந்துற ஸ்கோரால வகுங்க. ஒத்த த்ரெட் வேலைன்னா ஒத்த த்ரெட் ஸ்கோர், இல்லாட்டி மல்டி ஸ்கோர். உங்ககிட்ட ஏற்கனவே எல்ஜிஏ 1155 (3770 உக்கார்ற சாக்கெட்) போர்டும் டிடிஆர்3 ராமும் இருந்தா செலவு வெறும் பிராசஸர் மட்டும்தான், அப்ப பயாஸ் (போர்டுலயே இருக்கிற ஆரம்ப சாஃப்ட்வேர்) சப்போர்ட் லிஸ்ட்ல பேர் இருக்கான்னு பாத்துட்டு கண்ணை மூடிக்கிட்டு 3770 போடலாம், ஐ3-ல இருந்து மாறுறவங்களுக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனா எல்லாத்தையும் புதுசா சேக்கப் போறீங்கன்னா நான் 6500 பக்கம்தான். காரணம் போர்டு. 1155-ல 3770-க்கு மேல போக கிட்டத்தட்ட எடமே இல்ல, பாதை அங்க முடிஞ்சுடுது. 6500 உக்கார்ற 1151 சாக்கெட், 100 சீரிஸ் போர்டுல பின்னால பயாஸ் அப்டேட் பண்ணி ஐ7-7700 வரைக்கும் போடலாம், அப்ப 8 த்ரெட்டும் வந்துடும். நிறைய போர்டுல எம்.2 ஸ்லாட் (சின்ன எஸ்எஸ்டி சொருகுற இடம்) இருக்கு, என்விஎம்இ-ங்கிற வேகமான எஸ்எஸ்டி-ல இருந்து பூட் ஆகும். 1155 போர்டுல பயாஸை நோண்டாம அது நடக்காது. ரெண்டு எச்சரிக்கை: 300 சீரிஸ் போர்டும் 1151-ன்னுதான் போட்டிருக்கும், அதுல 6500 வேலை செய்யாது. டிடிஆர்3 ஸ்லாட் உள்ள ஸ்கைலேக் போர்டு கெடச்சா அதுல பழைய 1.5 வோல்ட் ராமைச் சொருகாதீங்க, 1.35 வோல்ட் டிடிஆர்3எல்தான் போடணும்.

கரண்டு பத்திக் கேப்பீங்க. அந்த 77, 65 வாட் எல்லாம் சூட்டைக் கணக்கு பண்ணி கூலர் டிசைனுக்குக் கொடுத்த நம்பர், மீட்டர்ல ஓடுற நம்பர் இல்ல. பிளக்ல மாட்டுற வாட் மீட்டர் வெச்சு சும்மா இருக்கும்போதும் லோடுலயும் பாருங்க. 20 வாட் வித்தியாசம் வருதுன்னு வெச்சுக்கிட்டா, தினம் 8 மணி நேரம் ஓட்டினா வருஷத்துக்கு 58 யூனிட் சொச்சம், உங்க யூனிட் விலையால பெருக்கி அதையும் மொத்தச் செலவுல சேத்துடுங்க.