விண்டோஸ் ஏறும்போதே சாஃப்ட்வேரும் தானாக ஏற

விண்டோஸ் 10-க்கு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டதால், கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கத்து டிடிபி கடை, ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கே போனாலும் 11 போட்டுத் தரச் சொல்கிறார்கள். விண்டோஸ் போடுவது பெரிய வேலையே இல்லை, அதற்குப் பிறகு குரோம், விஎல்சி, செவன்-ஜிப், லிப்ரே ஆபீஸ், தமிழ் ஃபாண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பொழுதைத் தின்கிறது. அதை ஒரு பென்டிரைவிலேயே முடித்துவிடலாம்.

முதலில் எல்லா சாஃப்ட்வேரையும் ஆஃப்லைன் இன்ஸ்டாலராக எடுத்து வையுங்கள். குரோமின் சாதாரண இன்ஸ்டாலர் ஓடும்போதுதான் நெட்டிலிருந்து மீதியை இறக்கும், அது நமக்கு ஆகாது. நிறுவனங்களுக்கென்று கூகுள் தரும் எம்எஸ்ஐ (விண்டோஸின் சொந்த இன்ஸ்டாலர் வகை) கோப்பை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் நெட்டை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது.

அடுத்தது ஸ்விட்ச், அதாவது கட்டளையோடு சேர்த்து எழுதும் குறிப்பு. இங்கே தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளையும் பெயர்களையும் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும். கேள்வி கேட்காமல் ஏறு என்று இன்ஸ்டாலரிடம் சொல்ல எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வழி கிடையாது, அது எதில் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. எம்எஸ்ஐ என்றால் எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையோடு /ஐ, கோப்பின் பெயர், /க்யூஎன், /நோரீஸ்டார்ட். விஎல்சி, ஃபயர்ஃபாக்ஸ் போல என்எஸ்ஐஎஸ் என்ற இன்ஸ்டாலர் தயாரிக்கும் கருவியில் கட்டியவற்றுக்கு /எஸ், அந்த எஸ் பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும், சின்ன எழுத்தில் போட்டால் வழக்கமான விண்டோ வந்து நெக்ஸ்டுக்காகக் காத்திருக்கும். இன்னோ செட்அப் என்ற இன்னொரு கருவியில் கட்டியது என்றால் /வெரிசைலன்ட் /சப்ரெஸ்எம்எஸ்ஜிபாக்ஸஸ் /நோரீஸ்டார்ட். இதில் நடு ஸ்விட்சைப் பலர் விட்டுவிடுகிறார்கள், /வெரிசைலன்ட் மட்டும் போட்டால் இன்ஸ்டாலர் விண்டோ மறையுமே தவிர, தவறு வரும்போது தோன்றும் பெட்டிகள் மறையாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்த பிறகே ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பில்) சேர்த்துக்கொள்ளுங்கள், விண்டோஸ் ப்ரோவில் இருக்கும் சாண்ட்பாக்ஸ் என்ற தற்காலிக விண்டோஸ் இதற்குக் கச்சிதம், மூடினால் எல்லாம் அழிந்துவிடும்.

ஸ்கிரிப்ட் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சிஎம்டி கோப்பு போதும். ஒரு வரி இப்படி இருக்கும்:

ஸ்டார்ட் "" /வெயிட் "%~டிபி0விஎல்சி.எக்ஸ்இ" /எஸ்

அந்த வெற்று மேற்கோள் குறியை எடுத்துவிடாதீர்கள். ஸ்டார்ட் கட்டளை மேற்கோளுக்குள் முதலில் வருவதை விண்டோவின் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும், அது இல்லாவிட்டால் உங்கள் இன்ஸ்டாலரின் பெயரே தலைப்பாகிவிடும். /வெயிட் இருந்தால்தான் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும். %~டிபி0 என்பது ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர், கடைசியில் பேக்ஸ்லாஷையும் சேர்த்தே தரும், அதனால் டிரைவ் எழுத்து டி-யா இ-யா என்று கவலைப்பட வேண்டாம்.

ஒவ்வொரு வரிக்கும் கீழே %எரர்லெவல்% மதிப்பை, அதாவது முந்தைய கட்டளை எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்ணை, ஒரு லாக் (பதிவு) கோப்பில் எழுதுங்கள். என்னைக் கேட்டால் இந்த வேலையிலேயே முக்கியமானது இதுதான், திரையில் எதுவும் காட்டாமல் ஏறும் ஒன்று ஏறாமல் போனாலும் எதுவும் காட்டாது. எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது: %எரர்லெவல்% முடிந்த இடத்தில் இடைவெளி விடாமல் >> போட்டால், மதிப்பு 0 ஆக இருக்கும்போது கட்டளை 0>> என்று ஆகிவிடும், சிஎம்டி அந்தப் பூஜ்யத்தை எழுத வேண்டியதாகப் பார்க்காமல் ரீடைரக்ஷனின் (வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிடுவதன்) எண்ணாக எடுத்துக்கொள்ளும், லாகில் அந்த மதிப்பு வரவே வராது. நடுவில் ஒரு இடைவெளி விடுங்கள், அல்லது >> பகுதியை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோங்கள். எம்எஸ்ஐ-இல் 0 என்றால் சரி, 3010 என்றாலும் சரிதான், ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. 1618 என்றால் வேறொரு எம்எஸ்ஐ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதாவது எங்கேயோ காத்திருக்கத் தவறியிருக்கிறது. 1603 வந்தால் பொதுவான தோல்வி, /எல்*வி போட்டு விரிவான லாக் எடுத்துத்தான் காரணம் தேட வேண்டும்.

சரி, இதை எங்கே செருகுவது? விண்டோஸ் பென்டிரைவில் சோர்சஸ் ஃபோல்டருக்குள் $ஓஇஎம்$ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் $$, அதற்குள் செட்அப், அதற்குள் ஸ்கிரிப்ட்ஸ். அங்கே செட்அப்கம்ப்ளீட்.சிஎம்டி என்ற பெயரில் வைத்தால், விண்டோஸ் ஏறி முடிந்ததும் யாரும் லாகின் செய்வதற்கு முன்பே ஓடும். இன்ஸ்டாலர்களையும் அதே இடத்தில் வைத்துவிடுங்கள், எல்லாம் சேர்ந்து ஹார்ட்டிஸ்க்குக்குப் போய்விடும். ஆனால் ஓடுவது விண்டோஸின் சொந்த சிஸ்டம் கணக்கில், ஆகவே ஒரு யூசருக்கு மட்டும் ஏறும் வகை சாஃப்ட்வேர்கள் யாரும் பார்க்காத சிஸ்டம் புரொஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதற்குள் ஷட்டவுன் கட்டளையும் போடாதீர்கள், விட்ட இடத்திலிருந்து அது தொடராது. இன்னொன்று, ஓஇஎம் கீ (மெஷின் தயாரிப்பாளர் போட்டுத் தரும் விண்டோஸ் கீ) பயன்படுத்தும் மெஷினில் விண்டோஸ் இந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது. கடையில் வாங்கிய பிராண்டட் லேப்டாப் பலவற்றில் கீ பயாஸிலேயே இருக்கும், அங்கே செட்அப் கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிவைக்கும் ஆட்டோஅன்அட்டெண்ட்.எக்ஸ்எம்எல் கோப்பில், முதல் லாகினில் ஓடும் ஃபர்ஸ்ட்லாகான்கமாண்ட்ஸ் பகுதியில் அதே ஸ்கிரிப்டை அழைப்பதுதான் வழி. யூசருக்கு மட்டும் ஏறுபவற்றுக்கும் அதுவே சரியான இடம்.

அந்த எக்ஸ்எம்எல் கோப்பு பென்டிரைவின் ரூட்டில் இருக்க வேண்டும், ஃபோல்டருக்குள் போடக் கூடாது. வில்வைப்டிஸ்க் என்ற வரியை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். அது இருந்தால் அந்த பென்டிரைவில் பூட் ஆகும் எந்த மெஷினின் டிஸ்க்கையும் ஒரு வார்த்தை கேட்காமல் துடைத்துவிடும். ஒரு டிடிபி கடையின் ஹார்ட்டிஸ்க்கில் எத்தனை பேருடைய பத்திரமும் கல்யாணப் பத்திரிகையும் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டிஸ்க் பகுதியை எழுதாமல் விட்டால் செட்அப் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் நின்று கேட்கும், கேட்கட்டும். அந்தக் கோப்பில் யூசர் கணக்கின் பாஸ்வேர்டை பேஸ்64 என்ற மாற்றெழுத்து முறையில் எழுதினாலும் யாரும் படித்துவிடலாம், ஆகவே தற்காலிகமான ஒன்றைப் போட்டுப் பிறகு மாற்றுங்கள்.

கீபோர்டையும் அங்கேயே முடித்துவிடலாம். இன்புட்லொக்கேல் வரியில் 0409:00000409;0449:00020449 என்று கொடுத்தால் ஆங்கிலமும் தமிழ் 99-ம் சேர்ந்தே வரும், அஞ்சல் கீபோர்டு பழகியவர்களுக்குக் கடைசி எண்ணை 00030449 ஆக்குங்கள். புதுச்சேரியில் ஃப்ரெஞ்சு மொழிபெயர்ப்பு செய்யும் இடங்களுக்கு ஓர் அரைப்புள்ளி போட்டு 040சி:0000040சி சேர்த்தால் ஃப்ரெஞ்சு கீபோர்டும் வந்துவிடும். பாமினி போன்ற பழைய ஃபாண்டுகளுக்கு இன்ஸ்டாலர் இருக்காது, ஸ்கிரிப்டிலேயே விண்டோஸ் ஃபாண்ட்ஸ் ஃபோல்டருக்குக் காப்பி செய்து, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஹெச்கேஎல்எம்-இன் கீழ் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன், ஃபாண்ட்ஸ் என்ற இடத்தில் ஃபாண்டின் பெயரையும் கோப்பின் பெயரையும் ரெக் ஆட் கட்டளையால் எழுதுங்கள். காப்பி மட்டும் செய்து இதை விட்டுவிட்டால், கோப்பு ஃபோல்டரில் இருந்தும் பேஜ்மேக்கரின் ஃபாண்ட் பட்டியலில் பாமினி வராது.