வாக்கர் என்றால் நடப்பவரா? ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் வேரைத் தேடும் முறை

வாக்கர் என்ற குடும்பப் பெயரைக் கேட்டதும் 'நடப்பவர்' என்று அர்த்தம் சொல்லத் தோன்றும். அவர் நடந்தது தொட்டிக்குள். இடைக்கால இங்கிலாந்தில் தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, புளிக்கவைத்த சிறுநீரும் களிமண்ணும் சேர்த்துக் காலால் மிதிமிதியென்று மிதிப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகும். இழைகள் நெருங்கித் துணி தடிக்கும். அப்படி மிதித்தவர்தான் வாக்கர். நாம் முகத்துக்குப் பூசும் முல்தானி மெட்டியும் அந்தக் களிமண் வகைதான். ஆங்கிலத்தில் அதற்கு 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று பெயர். ஃபுல்லரும் துணி மிதித்தவரே.

அதனால் அகராதியில் தொடங்க வேண்டாம். ஆளில் தொடங்குங்கள்.

படி 1: தெரிந்த மிகப் பழைய முன்னோரின் பிறப்புப் பதிவைத் தேடுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுக்கான ஃப்ரீபிஎம்டி தளத்தில் அட்டவணையை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் 'ஜான் வாக்கர்' என்று தேடினால் ஏகப்பட்ட பேர் வருவார்கள். அப்போது அரசுப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணைக்குப் போங்கள். அதில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் 1837 முதலே இருக்கிறது. சரியான ஜானைப் பிடிக்க அது போதும்.

படி 2: அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பிறந்த ஊரைக் குறிக்காமல், அதே மாவட்டத்தில் பிறந்தவரா என்பதைக் குறித்தார்கள். 1851 முதல் பிறந்த ஊரே இருக்கும். அந்த ஊர் கிடைத்துவிட்டால் பெரிய கதவு திறந்த மாதிரி.

படி 3: அந்த ஊர்த் தேவாலயப் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவைக்க 1538-இல் ஆணை பிறந்தது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். உதாரணமாக, துணி மிதித்தவருக்கே இன்னொரு பெயர் டக்கர்; அதை டூக்கர் என்றும் எழுதியிருப்பார்கள். அதனால் எல்லா எழுத்திலும் தேடுங்கள்.

படி 4: எனக்கு மிகவும் பிடித்த படி இது. 1881 கணக்கெடுப்பை வைத்து, அந்தப் பெயர் எங்கே செறிந்திருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். வடக்கிலும் நடுப்பகுதியிலும் வாக்கர், டெவன் உள்ளிட்ட தென்மேற்கில் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர். ஒரே தொழில், வட்டாரத்துக்கு ஒரு சொல்! டக்கருக்கு வேரான பழைய ஆங்கிலச் சொல்லுக்குத் 'துன்புறுத்து' என்று பொருள். துணி பட்ட பாடு அப்படி. எக்ஸெட்டர் நகரில் டக்கர்ஸ் ஹால் என்ற அவர்களுடைய சங்கக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'வாக்கர் குடும்பச் சின்னம்' என்று கேடயப் படம் விற்பார்கள், வாங்காதீர்கள். இங்கிலாந்தில் அந்தச் சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் தரப்படுவது. பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் உரிமை வராது. இந்தப் பெயரே பல ஊர்களில் தனித்தனியாக முளைத்ததுதான். வாக்கர்கள் எல்லாரும் ஒரே வம்சம் இல்லை.

படி 5: இன்னும் பின்னால் போக முடிந்தால் 1377, 1379, 1381 தலைவரிப் பட்டியல்களைப் பாருங்கள். சில இடங்களில் பெயருக்குப் பக்கத்தில் தொழிலும் இருக்கும். வாக்கர் என்ற பெயருக்கு நேரே துணி மிதிப்பவர் என்றே இருந்தால், அது அவருடைய சொந்தத் தொழிலால் வந்த பெயராகவே இருக்கலாம். வேறு தொழில் இருந்தால், பெரும்பாலும் அப்பாவோ தாத்தாவோ தொட்டியில் இறங்கியவர். பெயர் அதற்குள் பரம்பரைச் சொத்தாகிவிட்டது.